நான்காவது திருகாணி

ஞாயிற்றுக்கிழமை மதியம். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் கணவன், படுக்கையறைக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் பொருத்திக்கொண்டிருக்கிறான். மனைவி பக்கத்தில் நின்று திருகாணிகளை எடுத்துக் கொடுக்கிறாள். அவளை நாளைக் காலையில் தன்னோடு கூட்டிப்போக வந்திருக்கும் அக்கா, உள்ளே வெயில் விழும் கட்டிலில் உட்கார்ந்து, தங்கையின் புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிறாள். “எதுக்கு மாப்பிள்ளை வெளிய தாழ்ப்பாள்?” “காத்துக்குக் கதவு அடிச்சுக்குதுக்கா.” “மூணு வருஷமா அடிக்காத காத்தா?” “இது நேத்து பஸ்ல வந்த காத்து” என்று சிரிக்கிறான். இவன் கத்துகிற ஆள் இல்லை. கத்துகிறவனைச் சமாளித்துவிடலாம். திருப்புளி சுற்றச் சுற்ற மரம் முனகுகிறது. மூன்று திருகாணிகள் இறங்கிவிட்டன. தாழ்ப்பாளில் ஒரு துளை மட்டும் மிச்சம். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுகிறான். “இன்னொண்ணு கொடு.” “மூணுதான் இருந்துச்சு.” அவள் விரல்களை இறுக்கிக்கொள்கிறாள். உள்ளங்கையில் கூர் குத்துகிறது. அவன் அவள் கையைப் பிரிக்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுக்கிறான். “நீ தொலைச்சிடுவேன்னு தெரியும். அதான் ஒண்ணு கூடவே வாங்கினேன்.” அதையும் முறுக்கி முடித்துவிட்டு, சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பவனைப் போலக் கதவை மெல்லச் சாத்துகிறான். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் சத்தமில்லாமல் நுழைகிறது. உள்ளே புடவைகளின் சரசரப்பு நின்றுவிடுகிறது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடக்கிறான். “சோறு போடு. ரெண்டு தட்டு போதும்.”