மிஞ்சிய தோசை

விழிப்புத் தூளைத் தண்ணீரில் கலந்தால் கசக்கும். அதனால் தோசை மாவிலேயே கலந்துவிடுவேன். புளிப்பில் கசப்பு தெரியாது. நானும் கணவரும் தூங்கி எட்டு மாதமாகிறது. ஆளுக்கு இரண்டு வேலை பார்க்கிறோம், களைப்பே இல்லை.

வீட்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பூங்காவனம் இன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, எம் பொண்ணு பத்து நாளா தூங்கவே மாட்டேங்குதுக்கா. ராவெல்லாம் கண்ணத் தொறந்துக்கினே கெடக்குது. மந்திரிச்சும் பாத்துட்டேன்."

"என்ன சாப்பிடுறா?"

"நீங்க குடுக்குற தோசைதாங்க்கா. நான் தொடறதே இல்ல, அப்படியே அவளுக்கு எடுத்துனு போயிடுவேன்."

மிஞ்சியதைப் பூங்காவனம்தான் சாப்பிடுகிறாள், வேலையும் சுறுசுறுப்பாக நடக்கும் என்று நினைத்துத் தூளைப் பற்றி அவளிடம் சொல்லாமல் இருந்தேன். அவள் மகளுக்கு நான்கு வயது. தூள் டப்பாவில் குழந்தைகளுக்கு ஆகாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன். "வெயில் காலம்ல, சரியாயிடும்" என்றுதான் வந்தது.

அவளுக்கென்று எடுத்துவைத்திருந்த தோசைகளை அவசரமாகக் குப்பையில் போட்டேன்.

பூங்காவனம் ஈரக் கையோடு என்னையே பார்த்தாள்.

"நான் எதுனா தப்பு பண்ணிட்டேனாக்கா?"