இரண்டு சிவப்பு ஊசிகள்

நார்ஃபோக் தேவாலயக் கூடத்தில் ஹாதர்ஸ்நேப் குடும்பப்பெயர்ச் சங்கத்தின் ஆண்டு மாநாடு நடக்கிறது. நாற்பது நாற்காலிகளும் காலி. தலைவர் கத்பர்ட் மேடையில் நிற்கிறார். செயலாளரான தங்கை வினிஃப்ரெட் தேநீர் ஊற்றுகிறாள். இருவருக்கும் மணமாகவில்லை. சுவரிலுள்ள இங்கிலாந்து வரைபடத்தில் மழை வெளிச்சம் படிகிறது. அந்தப் பெயர் அற்றுப்போன ஊர்களில் கறுப்பு ஊசிகள். பெயர் மிஞ்சியிருக்கும் ஊர்களில் சிவப்பு. சிவப்பு இரண்டுதான்: இந்த ஊர், அப்புறம் கார்ன்வால். தானே செய்வித்துக்கொண்ட பதக்கம் மார்பில் ஆட, கத்பர்ட் நாற்காலிகளிடம் முழங்குகிறார்: "நம் மூதாதை ஒரு மாவீரர்." "பன்னி திருடி அபராதம் கட்டினார்னுல்ல சர்ச் பதிவேட்டுல இருக்கு, அண்ணா," என்கிறாள் வினிஃப்ரெட், சர்க்கரையைக் கலக்கியபடி.

கதவு திறக்கிறது. கார்ன்வாலிலிருந்து டெலியா வந்திருக்கிறாள், நனைந்த கோட்டும் இடுப்பில் குழந்தையுமாக. போன வருடம் இறந்த ஹாதர்ஸ்நேப் ஒருவரின் மனைவி. குழந்தையைக் கண்டதும் கத்பர்ட் பதக்கத்தை நேராக்கிக்கொள்கிறார். "நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன், ஐயா. அடுத்த மாசம் எனக்கு மறுகல்யாணம். பையனுக்கும் கட்டிக்கப்போறவரோட குடும்பப்பேரைத்தான் வைக்கப்போறோம்." கத்பர்ட் மேடையிலிருந்து மெல்ல இறங்கி வருகிறார். "அப்போ இன்னும் ஒரு மாசம் இவன் ஹாதர்ஸ்நேப்தானேம்மா?" என்று கைகளை நீட்டுகிறார். "கொஞ்ச நேரம் தூக்கிக்கட்டுமா?"