மூன்றாவது பாட்டில்

ரத்த வங்கியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த விருத்தாம்பாளைப் பார்க்கப் பார்க்க மாலதிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மூன்று வாரத்தில் மூன்றாவது பாட்டில் கொடுக்கிறாளாம்.

மாலதி தன் புருஷனுக்காகக் கடலூர் வந்திருந்தாள். முந்திரி மூட்டை ஏற்றிவந்த டெம்போ கவிழ்ந்து ராஜவேலுக்கு ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. பல நாள் ஃபிரிட்ஜில் இருந்த ரத்தத்தையே மேலும் மேலும் ஏற்றினால் வேறு கோளாறு வரலாம், புதிதாக எடுத்தது வேண்டும் என்றார் டாக்டர். சொன்னதுதான் தாமதம், பண்ருட்டியிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

அதில் ராஜவேலின் தம்பி பழனிவேலுக்குத்தான் முகம் தொங்கிப்போனது. போன மாதம் ஏதோ முகாமில் கொடுத்தானாம். மூன்று மாதம் ஆகாமல் எடுக்க மாட்டோம் என்று நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தச் சட்டம் விருத்தாம்பாளிடம் மட்டும் செல்லவில்லை.

"டாக்டரே சீட்டு எழுதிக் குடுத்திருக்காரும்மா" என்றாள் அவள்.

பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அடுத்த வாரம் இடுப்பு எலும்பு ஆபரேஷன், ரத்தம் நிறையப் போகுமாம். முன்பு ஒருமுறை வங்கி ரத்தம் ஏற்றியது ஒத்துக்கொள்ளாமல் உயிர் போய் உயிர் வந்ததாம். அதனால்தான் இந்த முன்னேற்பாடு. மூன்று பாட்டில் சேர்ந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று சொல்லிவிட்டாராம் டாக்டர்.

மாலதிக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் ஹார்லிக்ஸ் ஃபிளாஸ்க்கோடு தனக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். இந்த அக்காவோ சிதம்பரத்திலிருந்து ஒண்டியாகப் பஸ் ஏறி வந்து, கொடுக்கிற பிஸ்கட்டை ஒண்டியாகத் தின்றுவிட்டுத் திரும்புகிறவள். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிற மகராசி யாரோ, துணைக்கு ஒரு ஆளைக்கூட அனுப்பவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. இவ்ளோ பண்றீங்களே, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அவுங்க வந்து ரத்தம் குடுப்பாங்களா?"

விருத்தாம்பாள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கையில் வைத்திருந்த பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.

"எனக்குத்தாம்மா குடுத்துக்கிட்டு இருக்கேன்."