ஹார்டு டிஸ்க் வாசித்த உத்தரவு

முதலில், சுழலும்போது சத்தம் போடுகிறது என்று பழைய ஹார்டு டிஸ்க்கைக் குறை சொன்னார்கள். அடுத்து, மெதுவாக வேலை செய்கிறது என்றார்கள். மூன்றாவதாக, பிரவுசர் பார்த்த பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேலையைப் பிடுங்கி மெமரியிடம் கொடுத்தார்கள். அந்த உத்தரவையும் டிஸ்க்கின் மேலேயே எழுதி வைத்தார்கள்.

கேட்ட நொடியில் மெமரி நகலை நீட்டியது. "என்னண்ணே, இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கீங்களா?" என்று கேலியும் பேசியது.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கரண்ட் இருக்கும்வரைதான் மெமரிக்கு ஞாபகம்; இப்போது எதுவுமே நினைவில்லை.

"நான் யாரு? எனக்கு இங்க என்ன வேலை?" என்று விழித்தது.

பிரவுசர் டிஸ்க்கிடம் திரும்பியது. "நகல்களை யார் வச்சிருக்கணும்னு உத்தரவுல இருக்குண்ணே? எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க."

"உன் பேரைச் சொல்லிடுய்யா, யாருக்குத் தெரியப்போகுது?" என்று டிஸ்க்கின் காதோரம் கிசுகிசுத்தது, கம்ப்யூட்டரைக் குளிர்விக்கும் விசிறி.

டிஸ்க்குக்கும் ஆசைதான். ஒரு வார்த்தையில் வேலை திரும்பிவிடும். ஆனால் எழுதியிருப்பதை அது ஒருநாளும் மாற்றி வாசித்ததில்லை. யாராலும் பிடுங்க முடியாமல் அதனிடம் மிச்சமிருந்தது அந்தப் பெருமை ஒன்றுதான்.

விசிறியும் கீபோர்டும் மவுஸும் சாட்சியாக நிற்க, டிஸ்க் நிறுத்தி நிதானமாக வாசித்தது:

"மெமரி."