வளைவில் ஒரு சுவர்

“பேரு போட வேண்டாமா? ஏனாம்?”

தாராவி ஊர்ச் சங்கத்துச் செயலாளர் சந்தியாகு ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“சொரிமுத்து பொண்டாட்டி பேராச்சி காரணம் சொல்ல மாட்டேங்கா அண்ணாச்சி. இருபது ரூவாயைக் கையில குடுத்தா. கல்லுல மட்டும் எங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டுராதீகன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா” என்றான், வசூலுக்குப் போய் வந்த பூலோகம்.

சந்தியாகுவுக்குச் சுருக்கென்றது.

சொந்த ஊரில் குளத்தங்கரை ரோடு ரொம்பக் குறுகல். எதிரெதிரே ரெண்டு வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த வளைவில் தடுப்பும் கிடையாது, வெள்ளையடித்த கல் ஒன்றுகூடக் கிடையாது. போன வருஷம், அறுபத்து மூணில், கோயில் கொடைக்கு ஊருக்குப் போன சொரிமுத்து சைக்கிளோடு லாரியில் அடிபட்டு அங்கேயே போய்ச் சேர்ந்தான். லாரியை ஓட்டிய வெயிலுமுத்துவும் அதே ஊர்க்காரன்தான். இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

சொரிமுத்துவும் சந்தியாகுவும் பன்னிரண்டு வருஷம் ஒரே தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். ஒரே கூடையில் சாப்பாடு கொண்டு போனவர்கள்.

ஊர்க்காரர்கள் பாதிச் செலவு போட்டால், மீதியைத் தாங்கள் போட்டு ரோட்டை அகலப்படுத்தி, வளைவில் தடுப்புச் சுவரும் கட்டித் தருவதாக பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சந்தியாகு ஒரு ஞாயிறுகூட வீடு தங்கவில்லை. மாதா கோயில் பூசை முடிந்த கையோடு ரயிலேறி முலுண்ட், அம்பர்நாத் என்று நம்மாட்கள் இருக்கிற இடமெல்லாம் அலைந்தார். சுவரில் ‘சொரிமுத்து நினைவாக’ என்று ஒரு கல் பதிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் ஆசை.

“வருஷம் முழுசாத் திரும்பல. அதுக்குள்ள மறந்துட்டா. நம்ம சால்ல எல்லா வீட்டுலயும் இதான் பேச்சு” என்றான் பூலோகம்.

சந்தியாகு செருப்பை மாட்டினார்.

பேராச்சி தன் ஒற்றை அறைக் கோலியின் வாசலில் உட்கார்ந்து, கடைக்குப் போடுகிற முறுக்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“வாங்க அண்ணாச்சி. டீ போடட்டா?”

“டீயெல்லாம் வேண்டாம். அவன் பேரு அங்க இருந்தா உனக்கு என்ன தங்கச்சி கொறஞ்சு போகுது?”

அவள் முறுக்குத் தட்டைத் துணியால் மூடினாள்.

“நான் தெருத் தெருவா அலைஞ்சது யாருக்காக? அவன் பேரு நெலைச்சு நிக்கணும்னுதான? ஊர்ல நாலு பேரு என்ன பேசுதாகன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அண்ணாச்சி. பேசிட்டுப் போகட்டும்.”

“கட்டுன பொண்டாட்டியே வேண்டாம்னா, நான் யாருக்காகக் கல்லு வெட்டச் சொல்ல? அப்பிடி என்ன கோவம் உனக்கு, அவன்மேல?”

“அவுகமேல எனக்கு என்ன கோவம்!” பேராச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“ஜெயில்ல இருக்காரே வெயிலுமுத்து, அவர் மக அஞ்சாங் கிளாஸ் படிக்கா. அந்த வளைவைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகணும். போகையில ஒருக்க, வரையில ஒருக்க, அந்தப் பிள்ளை எங்க வீட்டுக்காரர் பேரை வாசிச்சுக்கிட்டா நடக்கணும்? சுவரை மட்டும் நல்ல உசரமாக் கட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. அவ பத்திரமாப் போயிட்டு வரட்டும்.”