சேவல் இறகில் ஒரு நெத்திலி

முன்வரிசையில் கைலி கட்டி, தோளில் துண்டு போட்டிருந்த பெரியவரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவளத்துப் படகுக்காரர் என்று உப்புக்காற்றில் வெளுத்த சட்டையே சொல்லும்.

மாமல்லபுரத்து ஓட்டல் புல்வெளியில் தூண்டில் கண்காட்சி. என் மேசையில் ஒரு சின்ன இடுக்கி, அதன் வாயில் தூண்டில் முள். முள்ளின்மேல் இறகை வைத்து நூலால் சுற்றிக் கட்டி, மீன் ஏமாறும்படி பொய் இரை செய்து காட்டுவது என் வேலை. எனக்குப் பின்னாலிருந்த திரையில் என் விரல்கள் பெரிதாகத் தெரிந்தன.

கூட்டம் சுண்டல் தின்றது. யாரோ கொட்டாவி விட்டார்கள். விடட்டும். அந்தப் பெரியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், வந்த காரியம் முடிந்துவிடும்.

சேவல் இறகைக் கட்டினேன். பெரியவர் கழுத்தை நீட்டினார். வெள்ளி ஜரிகை இழையைச் சேர்த்தேன். நாற்காலி நுனிக்கு வந்தார்.

ஆனால் கேட்டது என்னிடம் இல்லை, மைக் பிடித்திருந்த ஆனந்தனிடம்.

“அந்தம்மாவ கேளுப்பா. நெத்திலி மாதிரிதான் கீது, வாடையே இல்லாம மீனு எப்டி வந்து கடிக்கும்?”

நல்ல கேள்வி. நானும் ஆனந்தனிடமே சொன்னேன்: வாடைக்கு வராது, தண்ணீரில் துடிக்கிற துடிப்புக்கு வரும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கூட்டம் சிரித்தது. பெரியவர் விடவில்லை. கண்ணுக்கு எதற்கு மை, வயிற்றுக்கு ஏன் வெள்ளை, எல்லாம் ஆனந்தன் வழியாகத்தான். உடும்புப்பிடி.

தலைப்பக்கம் நூலைச் சுற்றி முடித்தேன். இனி முடிச்சுப் போட்டுவிட்டு நூலை வெட்ட வேண்டும். போடாமல் வெட்டினால் அத்தனையும் அவிழ்ந்து உதிர்ந்துவிடும்.

கத்தரியை எடுத்து நூலின் மேல் வைத்தேன்.

முன்வரிசையில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“ஏ ஜெசி! முடிச்சு போடாம இன்னாடி வெட்டற?”

ஆனந்தன் என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தான். ஜெசிந்தா ஹரிகிருஷ்ணன். பிறகு பெரியவரைப் பார்த்து முழித்தான்.

கேளம்பாக்கத்து ஹரிகிருஷ்ணனை நான் கட்டிக்கொண்டு இரண்டு வருடம், நான்கு மாதம். அன்றிலிருந்து என்னிடம் எது சொல்வதானாலும் அம்மாவிடம்தான் சொல்லியனுப்புவார் அப்பா.

“போடறேன்பா” என்றேன்.

முடிச்சை நான் மறக்கவில்லை. கத்தரியின் வாய் மூடியேதான் இருந்தது. அவ்வளவு பெரிய திரையில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை, அப்பாகூட.