ரெடிமேட் கவர்

"யார் வண்டின்னு மட்டும் அப்பாகிட்ட வாயைத் திறந்துடாதீங்க அண்ணா."

மகள் இதோடு நான்காவது முறை சொல்லிவிட்டாள். மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"சொல்லமாட்டேம்மா. ஓனர் வெளிநாட்டுல மகன் வீட்டுக்குப் போயிட்டார்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். பேப்பரெல்லாம் நான் பார்த்துக்கறேன். போதுமா?"

வண்டிக்கு ஒன்பது வயது. சொன்னால்தான் தெரியும். அது அவளுடைய சித்தப்பா வண்டி. சித்தப்பா பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர் அப்பா.

சண்டை சொத்துக்காக இல்லை. அப்பாவுக்குக் கார் சீட் கவர் தைக்கும் தொழில். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவர். அவர் தைப்பார், படித்த தம்பி சாயங்காலம் வந்து பில் எழுதிக் கொடுப்பார். இருபது வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தம்பி இந்தக் காரை வாங்கினார். ரெடிமேட் கவரோடு வாங்கினார் என்று யாரோ வந்து வத்தி வைத்தார்கள்.

"வித்தவனே ஓசியில போட்டுக் கொடுத்துட்டான் அண்ணே" என்று தம்பி சொன்னது எடுபடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அப்பா அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மகளுக்குப் புது ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. காலை ஆறு மணி ஷிஃப்ட். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான் போய்ச் சேரும். அப்பா ஏற்கெனவே மூன்று வண்டிகளைக் கழித்துக் கட்டியாயிற்று. இதுவும் போனால் வேலையும் போன மாதிரிதான்.

அப்பா வந்தார். வந்ததும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"என்னப்பா, முன்னாடியே ஓட்டிச் சூடேத்தி வச்சிருக்கியா?"

"தொட்டுப் பாருங்க ஐயா, ஜில்லுன்னு இருக்கும்."

"அதைத்தானே பண்றேன்."

சாவியைத் திருகினார். ஒரே திருகில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"சத்தமே இல்லையே. எதையோ மறைக்குது."

"நல்லா ஓடினா சத்தம் வராதுப்பா" என்றாள் மகள்.

"நீ ஊசி போடறதோட நிறுத்திக்க."

ஒவ்வொரு கதவையும் படார் படாரென்று அடித்துச் சாத்திப் பார்த்தார். மிதியடியைத் தூக்கித் தரையை முகர்ந்தார். ஈர வாடை இல்லை. டயர்களைப் பார்த்தார். நாலும் புதுசு.

"விக்கிற வண்டிக்கு எந்த மடையன் புது டயர் போடுவான்?"

மெக்கானிக் இருமினார். "எஞ்சின் டைமிங் பெல்ட்டும் போன வாரம்தான் மாத்தினார் ஐயா."

"வெளிநாட்டுல இருந்துக்கிட்டா?"

"போ... போறதுக்கு முன்னாடி."

அடுத்து டிரைவர் சீட். கவரைப் பார்த்ததும் அப்பாவின் முகம் கோணியது.

"தூ... ரெடிமேட்! இதுல உட்கார்ந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று ஸ்பாஞ்சைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "கிலோமீட்டர் கணக்கைத் திருப்பி வச்சு ஏமாத்தலாம். ஸ்பாஞ்சை ஏமாத்த முடியாது. ஒரே ஆளு ஓட்டின வண்டி. இடது பக்கம் சாஞ்சே உட்கார்ற ஆளு."

சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தாலும் இடது பக்கம்தான் சாய்வார்.

அப்பா டேஷ்போர்டைத் திறந்து உள்ளே கையை விட்டார். ஒரு பழைய நோட்டு வந்தது. எப்போது ஆயில் மாற்றியது, எப்போது பிரேக் பார்த்தது, எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று ஒன்பது வருஷக் கணக்கும் அதில் இருந்தது.

மெக்கானிக் மகளைப் பார்த்து விழித்தார். வண்டியிலிருந்து போட்டோ, ஆர்சி புக், கூலிங் கிளாஸ் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்தவர்கள், நோட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். பரவாயில்லை என்று அவள் கண்ணாலேயே சாடை காட்டினாள். அப்பாவுக்கு எங்கே படிக்கத் தெரியும்?

அப்பா விரலால் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போனார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். பிறகு நோட்டை உள்ளே வைத்து, டேஷ்போர்டைச் சத்தம் வராமல் மூடினார்.

"சரி. எடுத்துக்கலாம்."

"விலை..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"அவன் என்ன கேக்கறானோ அதைக் கொடுத்துடுவோம்."

தக்காளி வாங்கினாலே அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர். மகள் வாயைப் பிளந்தாள்.

"வண்டி ரெண்டு நாள் என் கடையில நிக்கட்டும். இந்தக் கண்றாவியைக் கிழிச்செறிஞ்சிட்டு வேற தைக்கணும். திங்கட்கிழமை காலையில நீ ஓட்டிக்கிட்டுப் போ."

"அப்பா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா கையை உதறிவிட்டு வாசல் வரை போனார். அங்கேயே நின்றார்.

"ஏன்ப்பா, அந்த ஓனர் இனிமே எதுல போவான்?"

"அவர் வேற ஒரு வண்டி பார்த்து வச்சிருக்கார் ஐயா. நாளைக்கு எடுக்..." மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. இருபது வருஷம் என் கடைக்குப் பில் எழுதின கையெழுத்து தெரியாதா?"

மகள் ஓடி வந்து அப்பாவின் பின்னால் நின்றாள்.

"அவன்கிட்ட சொல்லி வை" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல். "புது வண்டிக்கும் வேற கடையில கவர் போட்டான்னா, இன்னும் ஒன்பது வருஷத்துக்கு அவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்!"